கைப்பிடி இல்லாத நாற்காலி

என் வேலை அழிப்பது. மிலானில் கால்வாய் ஓரம், பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கு ஒன்றில் கார்ட்டூன் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரேஸ்தே பெர்லெண்டிஸிடம் இருபத்திரண்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். நாங்கள் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடித்தாளில் அவர் கோடு போடுவார். யோலாண்டாக்கா வண்ணம் பூசுவார். தாளைக் கேமராவுக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். பிடித்து முடித்ததும் தாள் என்னிடம் வரும். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புத்தூள், பஞ்சு. நகம் படக்கூடாது. கழுவிக் கம்பியில் தொங்கவிட்டால் மறுநாள் அதே தாளில் அவர் வேறொன்றை வரைவார்.

ஆக, மேஸ்திரியின் தொழில் வாழ்க்கை முழுவதும் என் தொட்டி வழியாகத்தான் கால்வாயில் கலந்தது. ஒருமுறை கால்வாயில் மீன்கள் பழுப்பு நிறத்தில் மிதந்தபோது நகராட்சியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார்.

"என்னய்யா இது?"

"கரடிங்க," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கரடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி தொழிலைத் தொடங்கியது பட்டாளத்தில். குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கொன்றாகக் கர்னலை வாத்தாக வரைந்திருந்தார். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் வாத்து சல்யூட் அடித்து, திரும்பி நின்று, முட்டை போடும். நான்கு நாள் காவலில் வைத்தார்கள். "நாலு நாளும் என்னைக் காவல் காத்தவன் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சிரிச்சான்யா," என்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டதுதான் அவருக்கு வினை. அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தார்.

வந்த இடத்தில் கிடைத்தது விளம்பரம். அந்தக் காலத்தில் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு ஒரு விதி இருந்தது. இரண்டு நிமிடம் கதை சொல்ல வேண்டும், கடைசி அரை நிமிடத்தில்தான் பொருளின் பெயரைச் சொல்லலாம். கதைப் பகுதியில் யாரையாவது கடிக்காமல் மேஸ்திரிக்குக் கோடு வராது. வயிற்று உப்பு விளம்பரத்துக்கு ஓர் ஆயர் விருந்து சாப்பிட்டுவிட்டு நெளிவதுபோல் வரைந்தார். ஆயருக்கு வயிற்று வலி வராது என்று திருப்பி அனுப்பினார்கள். நீதிபதியாக மாற்றினார். நீதிபதிக்கு வரலாம், வெளியே தெரியக்கூடாது என்றார்கள். மளிகைக் கடைக்காரராக்கினார். மளிகைக்காரர் சங்கம் கண்டனக் கடிதம் போட்டது. கடைசியில் கரடி. கரடிகளுக்குச் சங்கம் கிடையாது.

இப்படி இருபத்திரண்டு வருடம். பிஸ்கட்டுக்குக் கரடி, சோப்புக்குக் கரடி, காலணி பாலிஷுக்குக் கரடி. ஒரே தாளில் ஆயர், நீதிபதி, மளிகைக்காரர், கரடி என்று நான்கு பேரை நான் கழுவி அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேஸ்திரி தனக்கென்று ஒரு படம் வரைந்தார். எட்டு நிமிடப் படம். நொடிக்குப் பன்னிரண்டு தாள். மொத்தம் ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவின் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோகிறார். அவரைத் தூக்கிப்போகிறார்கள். நாற்காலி மிஞ்சுகிறது. கோப்புகள் வழக்கம்போல அதன் முன்னால் வந்து குவிகின்றன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியே கைப்பிடியை நீட்டிக் கையெழுத்துப் போடத் தொடங்குகிறது. யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. நாற்காலிக்குப் பதவி உயர்வு. மேலும் உயர்வு. கடைசி நிமிடத்தில் அது தலைமை இயக்குநர். இவ்வளவுதான் கதை. கரடியே கிடையாது. இந்தத் தாள்களை மட்டும் கழுவக்கூடாது என்று மேஸ்திரி என்னிடம் சொல்லியிருந்தார்.

படம் முடியப்போகும் சமயத்தில், ஒரு காலை, மேஸ்திரி கண் மருத்துவரிடம் போய்விட்டு வந்து சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கோசிமோ, மணி என்ன?"

"எதிர்லதான இருக்கு மேஸ்திரி."

"பன்னிரண்டு எண்ணும் தெரியுது. முள்ளு ரெண்டையும் காணோம்."

யோலாண்டாக்கா தூரிகையைக் கீழே வைத்தார். "டாக்டர் என்ன சொன்னார்?"

"நடுவுலருந்து அழியுதாம். ஓரம் மட்டும் மிஞ்சுமாம். உன் சொந்தக்காரன் எவனோ உள்ள உட்காந்து கழுவுறான் கோசிமோ."

"மருந்து?"

"கொடுத்திருக்கார். எனக்கு மனசு ஆறணுமேன்னு." கண்களைக் கசக்கிக்கொண்டார். "நாற்காலியை ஒரு கூட்டத்தோட உட்காந்து பாத்துடணும். அவங்க சிரிக்கணும், நான் பாக்கணும். முழுசா அழியறதுக்குள்ள. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்குத் தடையாக இருந்தது ஒரே ஒரு அனுமதிதான். அசையும் சித்திரங்களின் கண்ணியக் காப்புக் குழு என்று ரோமில் ஒன்று இருந்தது. அதன் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கார்ட்டூனையும் பொது அரங்கில் காட்டக்கூடாது. நான் நாற்பத்தொன்றாம் வயதில் தொழிலாளர் வகுப்பில் எழுத்துக் கற்றவன். மேஸ்திரிக்குக் கண் மங்கிவிட்டதால் விண்ணப்பத்தை வாசித்து நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. முத்திரைத்தாளில் மூன்று பிரதி. பன்னிரண்டாவது கேள்வி: 'படத்தில் நகைச்சுவை செய்யும் உத்தேசம் உண்டா? உண்டெனில் எத்தனையாவது நிமிடத்தில்?'

"என்ன எழுதட்டும்?"

"எல்லா நிமிஷத்துலயும்னு எழுது," என்றார் மேஸ்திரி.

"ஒரு எண் எழுதற அளவுதான் இடம் விட்டிருக்கான்."

"அப்ப நாலுன்னு போடு."

போட்டேன்.

நான்கு மாதம் கழித்து அழைப்பு வந்தது. நானும் மேஸ்திரியும் படச்சுருள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி ரோமுக்குப் போனோம். அமைச்சகத்தின் பின்பக்கம், நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் குழுவின் அறை. விளக்கணைப்பதற்கு முன் நான் கவனித்தது இது: குழுவில் ஏழு பேர். தலைவர் டாக்டர் ஸ்கான்ஸிக்குக் கைப்பிடியும் தோல் மெத்தையும் வைத்த நாற்காலி. மூவருக்குக் கைப்பிடி மட்டும். மூவருக்குக் கைப்பிடி இல்லை. சுவரோரம் ஒரு முக்காலியில் எழுத்தர் ஒருவர், மடியில் மைப்பெட்டியுடன்.

படம் ஓடியது. எட்டு நிமிடமும் ஒரு செருமல்கூட இல்லை. விளக்கைப் போட்டார்கள். மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரைக் காவலில் வைப்பார்கள் என்று நான் நினைத்தேன். கர்னல் வாத்துக்கு நான்கு நாள் என்றால் தலைமை இயக்குநருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஸ்கான்ஸி எழுந்து வந்து மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாழ்த்துகள். ரொம்ப யதார்த்தமான படம்."

மேஸ்திரி ஆடிப்போய்விட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவரை யாரும் இப்படித் திட்டியதில்லை.

"ஆளு போனப்புறமும் கோப்பு நிக்காம வந்துட்டே இருக்கு பாருங்க, அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. நிர்வாகத்தோட தொடர்ச்சின்னா அதுதாங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் காலமாகி ஒன்பது மாசம் கழிச்சுத்தான் நான் பொறுப்பேத்தேன். அந்த ஒன்பது மாசமும் ஒரு கோப்பு தேங்கினதில்ல. சொல்லப்போனா நான் வந்தப்புறம்தான் கொஞ்சம் தேங்குது."

"அப்ப அனுமதி..." என்றார் மேஸ்திரி.

"ஒரே ஒரு விஷயம்." டாக்டர் ஸ்கான்ஸி திரும்பி உறுப்பினர் ஒருவரைப் பார்த்தார். அவர் கைப்பிடி உள்ளவர். குறிப்புத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல் ஏழு நிமிஷமும் அந்த நாற்காலி ஏழாம் நிலைப் பதவிக்கு மேல போகல. ஏழாம் நிலை வரைக்கும் கைப்பிடி ஏதுங்க? விதி நாற்பத்திரண்டு பாருங்க." அவர் குரல் உடைந்தது. "நான் பதினேழு வருஷம் முழங்கையை அந்தரத்துல வச்சுக்கிட்டு உட்காந்திருந்தவன். கைப்பிடி வந்த அன்னைக்கு என் சம்சாரம் அழுதா. நீங்க பாட்டுக்கு எடுத்தவுடனே கைப்பிடி போட்டுட்டீங்க. நாளைக்கு ஜனங்க என்ன நினைப்பாங்க?"

கைப்பிடி இல்லாத மூவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, அது கைப்பிடி இல்லீங்க. அதுக்குக் கையே அதுதான்," என்றார் மேஸ்திரி. "கை இல்லாம எப்படிக் கையெழுத்துப் போடும்?"

"ஏழாம் நிலை கையெழுத்துப் போடவே கூடாதே," என்றார் டாக்டர் ஸ்கான்ஸி மிக அன்பாக.

மேஸ்திரி படச்சுருள் பெட்டியை மூடினார். பிறகு, "இந்தப் படம் உங்களை எதுவும்... சங்கடப்படுத்தலையா?" என்று கேட்டார். அவமானத்தில் கேட்டார்.

"எதுக்குச் சங்கடம்? நாற்காலிக்குப் பதவி உயர்வுங்கறது கற்பனைதானே. எங்ககிட்ட அப்படி நடக்காது. எண்பத்தொன்பதாம் அறையில ஒரு மேசைக்கு ஒருதடவை தவறிப்போய்க் கொடுத்துட்டாங்க. மறு வருஷமே திருத்திட்டோம்."

திரும்பி வரும் ரயிலில் மேஸ்திரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வயல், மரம், வீடு எல்லாம் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தன.

"கையை எடுத்துட்டா நாற்காலி அசையாதேய்யா," என்றார். "ஏழு நிமிஷம் ஒரு நாற்காலி சும்மா நிக்கும். அசையும் சித்திரம்!"

"வேற குழு எதுவும் இல்லையா மேஸ்திரி?"

"எடுத்துடு. இன்னொரு தடவை சண்டை போட எனக்குக் கண்ணு இல்ல."

எடுத்தேன். முழுத் தாளையும் கழுவுவது சுலபம். நாற்காலி இருக்க வேண்டும், பின்னால் பணிந்து நிற்கும் குமாஸ்தாக்கள் இருக்க வேண்டும், கைப்பிடி மட்டும் போக வேண்டும் என்றால், தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஐயாயிரம் தாள். முழங்கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டுதான் நானும் செய்தேன். யோலாண்டாக்கா கோடுகளை ஒட்டுப்போட்டார்.

"பதினேழு வருஷம் கழிச்சுக் கைப்பிடி வந்ததுக்கு அந்த ஆளு சம்சாரம் அழுதாளாமே," என்றார் ஒரு நாள். "நான் முப்பது வருஷமா முக்காலியில உட்காந்துதான் வண்ணம் பூசுறேன். எனக்கு யாருய்யா அழுதா?"

"நான் வேணா அழட்டுமாக்கா?"

"வாயை மூடிக்கிட்டுத் துடை. அங்க பாரு, குமாஸ்தா மூக்கையும் சேர்த்து எடுத்துட்ட."

இலையுதிர் காலத்தில் எல்லாம் முடிந்தது. படம் பிடிக்கக் கேமராவைத் தயார் செய்தபோது அடுத்த கடிதம் வந்தது. வாசித்தேன். கைப்பிடிகள் ஒவ்வொரு தாளிலும் மெய்யாகவே நீக்கப்பட்டனவா என்று குழு நேரில் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனைக்கு முன் படம் பிடிக்கக்கூடாது. மூலத் தாள்கள் அனைத்தையும் உடனே ரோமுக்கு அனுப்பவும்.

"எவ்வளவு நாள் ஆகும்னு போட்டிருக்கான்?" என்றார் மேஸ்திரி.

"உரிய காலத்தில்னு போட்டிருக்கு."

அவர் கடிகாரம் இருந்த பக்கம் திரும்பினார். இப்போது எண்களிலும் சில போய்விட்டன என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

பதினோரு மரப்பெட்டிகள் போயின. பனிமூட்டம் வந்து, குளிர்காலம் போயிற்று. மேஸ்திரி விளம்பரங்களை நிறுத்திவிட்டார். கரடிகளை எல்லாம் யோலாண்டாக்காவே பழக்கத்தில் வரைந்து சமாளித்தார். ஐந்தாம் மாதம் மேஸ்திரியைக் கண் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க வைத்திருந்தபோது வாசலில் லாரி நின்றது. பெட்டிகளோடு ஒரு மனிதரும் இறங்கினார். குழுவின் அறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அதே எழுத்தர். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்.

"கவாலியேரே முஸ்கோ," என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கவாலியேரே என்பது அரசு கொடுக்கும் வீரர் பட்டம். முப்பது வருடம் விடுப்பு எடுக்காமல் இருந்தால் கொடுப்பார்கள். "எல்லாம் சரியா இருக்கு. கைப்பிடி ஒண்ணுகூட இல்ல. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."

யோலாண்டாக்கா முதல் பெட்டியைத் திறந்தார். முதல் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினார். பிறகு இரண்டாவதை. பிறகு ஒரு கட்டுத் தாளையே அள்ளினார்.

ஒவ்வொரு தாளிலும் ஊதா மையில், கைக்கடிகாரம் அளவுக்கு, அரசு முத்திரை. நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் பற்சக்கரம், இலைக்கொத்து, குழுவின் பெயர்.

"இது என்னய்யா?"

"பரிசோதிச்சதுக்கு அத்தாட்சி." முஸ்கோவின் முகத்தில் வெட்கம் கலந்த பெருமை. "ஐயாயிரத்து எழுநூத்தி அறுபது. ஒண்ணுகூட விடல. தலைவர் ஏதோ ஒரு தாள்ல போட்டாப் போதும்னார். அப்புறம் மத்ததையெல்லாம் பாக்கலைன்னு ஆயிடுமேன்னு அவரே சொல்லிட்டார்."

"படம் பிடிக்கிற தாள்ல மை குத்தியிருக்கியே, மனுஷனா நீ?"

"படத்துமேல படலீங்க அம்மா!" முஸ்கோ பதறிவிட்டார். "பாருங்க, ஒண்ணாவது படத்துமேல இருக்கா? எவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? நாற்காலி நடுவுல இருந்தா நான் ஓரத்துல குத்தினேன். இந்தப் பக்கம் ஆளு வந்தா அந்தப் பக்கம் போயிட்டேன். மேல கோப்பு வந்தா கீழ. அஞ்சு மாசம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். கையைப் பாருங்க."

கட்டை அவிழ்த்துக் காட்டினார். மணிக்கட்டு வீங்கி ஊதாவாக இருந்தது. வீக்கத்தின் நிறமா மையின் நிறமா தெரியவில்லை. நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.

"என்ன பண்றீங்க?"

"கழுவிப் பாக்கறேன்."

"அரசு முத்திரையை அழிக்கிறது குற்றம்ங்க. தாளுக்கு மூணு மாசம்."

அப்படியே நின்றேன். ஐயாயிரத்து எழுநூற்று அறுபது மூன்று மாதங்கள் ஆயிரத்து நானூற்று நாற்பது வருடம். என்னிடம் அவ்வளவு இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட நொடியில் பஞ்சால் ஒரு தேய் தேய்த்தும் பார்த்தேன். மை அசையவில்லை. நல்ல மை. அந்த அலுவலகத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அதுதான்.

முஸ்கோவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். மணிக்கட்டுக்கு யோலாண்டாக்கா, திட்டிக்கொண்டே, புதுக் கட்டுப் போட்டுவிட்டார்.

"மேஸ்திரிகிட்ட எப்படிச் சொல்றது?" என்றேன்.

"சொல்லாதே. சொன்னா மறுபடி முதல்லருந்து வரைவேன்னு நிப்பார். எதை வச்சு வரைவார்? இன்னொரு வருஷம் போச்சுன்னா திரை எந்தப் பக்கம் இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது." பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேமராவைக் கொண்டா. முத்திரையோடவே பிடிச்சுடலாம். இது வேற, அது வேறன்னு ஜனங்க பாத்துக்கட்டும்."

மூன்று வாரம் படம் பிடித்தோம். மேஸ்திரியை வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நானும் யோலாண்டாக்காவும் சுருளோடு ரோமுக்குப் போனோம்.

விளக்கணைந்தது. திரையில் அலுவலக அறை. நடுவில் கையில்லாத நாற்காலி, அசையாமல். இடது ஓரத்தில் முத்திரை தோன்றியது.

டாக்டர் ஸ்கான்ஸி சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அரசு முத்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாகாது போலும். மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள். முக்காலியிலிருந்து முஸ்கோ எழுந்தார். நாங்களும் எழுந்தோம். முத்திரை போகவில்லை. அது எல்லாத் தாளிலும் இருந்தது. எட்டு நிமிடமும் நின்றபடியே பார்த்தோம். பார்த்த பிறகுதான் எங்களுக்கே புரிந்தது, நாங்கள் என்ன பிடித்திருக்கிறோம் என்று. தாளில் தனித்தனியாக இருந்த முத்திரை திரையில் உயிர் பெற்றுவிட்டது. யோலாண்டாக்கா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

விளக்கைப் போட்டதும் டாக்டர் ஸ்கான்ஸி கண்ணைத் துடைத்தார்.

"போன தடவை பாத்தப்ப ஏதோ குறையுதுன்னு தோணிச்சு. என்னன்னு சொல்லத் தெரியல. இப்பப் புரியுது. படத்துல நாங்க இல்ல."

ஒருமனதாக அனுமதி கிடைத்தது. நிபந்தனைகளை நான்தான் வாசித்தேன்: ஒரே ஒரு காட்சி, வார நாளில், பிற்பகலில். முத்திரைக்குப் பாதுகாப்பாகக் குழுவின் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் தெரிவித்தபடி நான்காம் நிமிடத்தில் நகைச்சுவை நிகழ்ந்ததா என்பதை அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பார்வையாளர்கள் எழுந்து நிற்பது விரும்பத்தக்கது, கட்டாயமில்லை.

டிராம் தொழிலாளர் மன்றத்தின் அரங்கில் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வைத்தோம். வேலை முடித்தவர்கள், வேலைக்குப் போகவேண்டியவர்கள், வேலை போனவர்கள் என்று இருநூறு பேர் வந்தார்கள். மேஸ்திரி பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசை நடுவில் உட்கார வைத்தேன். அவருக்குப் பின்னால் முஸ்கோ, மடியில் கைக்கடிகாரமும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு.

"கூட்டம் இருக்காய்யா?" என்றார் மேஸ்திரி.

"நிறைஞ்சிருக்கு."

"எனக்கு ஓரத்துல தலைதலையாத் தெரியுது. சரி. போடச் சொல்லு."

திரையில் நாற்காலி நின்றது. ஓரத்தில் முத்திரை எட்டிப் பார்த்தது. நாற்காலி ஒன்றும் செய்யவில்லை. முத்திரை மெல்ல உருண்டு அதைச் சுற்றி வந்தது. முஸ்கோ முத்திரைக் கட்டையை எப்படியெப்படியோ பிடித்துக் குத்தியிருந்ததால் பற்சக்கரம் முன்னும் பின்னும் சுழன்றது. ஒரு குமாஸ்தா கோப்போடு உள்ளே வந்ததும் முத்திரை விழுந்தடித்துக்கொண்டு மறு ஓரத்துக்கு ஓடியது. அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதும் நைசாக நாற்காலி பக்கம் வந்தது. அங்கிருந்தும் இன்னொரு குமாஸ்தா. மேலே தாவியது. மேலே கோப்புக் குவியல். கீழே விழுந்தது. வேலையைக் கண்டால் ஓடி ஒளிகிற, ஆள் போனதும் வந்து பதவியைச் சுற்றுகிற ஒரு குண்டு மனிதனை இவ்வளவு அச்சாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

முதல் நிமிடத்திலேயே ஒருவன் சிரித்தான். பிறகு வரிசையாகப் பற்றிக்கொண்டது.

"ஏய், எங்க சூப்பர்வைசருடா அது!"

"ஓடுறான் பாரு, ஓடுறான் பாரு! பிடிங்கடா அவனை!"

"நாற்காலி மேல ஏறிடுவான்டா இப்ப!"

நான் மேஸ்திரியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதலில் நெற்றியைச் சுருக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு வாய் திறந்துகொண்டது.

"கோசிமோ."

"சொல்லுங்க மேஸ்திரி."

"என் நாற்காலி எனக்குத் தெரியல. நடுவுல வெறும் கறைதான் இருக்கு." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா ஓரத்துல ஒண்ணு ஓடுதே, உருண்டையா. அது நல்லாத் தெரியுது. அது நான் வரையல."

நான் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"என் கையில்ல அது. யாருய்யா போட்டது? என்ன மாதிரி ஓடுது பாரு. பயமும் இருக்கு, ஆசையும் இருக்கு. சிரிக்கிறாங்க பாரு, கேளு. நாற்காலிக்கு ஒருத்தன் சிரிக்கல. எல்லாம் அந்த உருண்டைக்கு." என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "வரைஞ்சவனை எனக்குக் காட்டு."

காட்டுவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. பின்வரிசையைத் தொட்டேன். முஸ்கோ குனிந்து, ரகசியம் சொல்வதுபோல், "எனக்கு வரைய வராதுங்க," என்றார். "முத்திரை குத்துறவன் நான். எதுமேலயும் படாம பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

மேஸ்திரி அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்கு மிஞ்சியது ஓரக்கண் ஒன்றுதான்.

"நானும் இருபத்திரண்டு வருஷம் அதைத்தான்யா செஞ்சேன்," என்றார். "எது மேலயும் படாம. எனக்கு ஒருத்தனும் சிரிக்கல."

அரங்கு அதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் நாற்காலி தலைமை இயக்குநராகி, கைப்பிடி முளைத்து, முதல்முறையாகக் கையை நீட்டியது. முத்திரை அந்தக் கைக்குப் பயந்து திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அப்போது மேஸ்திரியும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது என்ன தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

விளக்கைப் போட்டதும் முஸ்கோ குறிப்பேட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். நகைச்சுவை முதல் நிமிடத்தில் தொடங்கிக் கடைசிவரை நீடித்தது என்று எழுதினால் விண்ணப்பம் பொய் என்றாகி அனுமதி ரத்தாகும், படத்தைக் காட்டியதே குற்றமாகும். முஸ்கோ பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு 'நான்காம் நிமிடம்' என்று எழுதி, கீழே முத்திரை குத்தினார். முப்பது வருட வேலையில் அவர் எழுதிய முதல் பொய் அது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

கண்ணாடித்தாள்கள் பதினோரு பெட்டியிலும் அப்படியே இருக்கின்றன. கழுவினால் குற்றம். மேஸ்திரி வரைந்ததில் நான் அழிக்காதது அது ஒன்றுதான். பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன. என் தொட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒரு தடவை முத்திரைகளை எண்ணிச் சரிபார்க்க முஸ்கோ ரோமிலிருந்து வருகிறார். எண்ணி முடித்ததும் காப்பி குடித்துவிட்டு, படத்தைச் சுவரில் ஒருதடவை ஓட்டிப் பார்த்தால்தான் அறிக்கை முழுமை பெறும் என்பார். அப்படி எந்த விதியும் இல்லை. நான் விதிப்புத்தகத்தை முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டேன். ஓட்டுகிறோம். மேஸ்திரிக்கு இப்போது ஓரமும் போய்விட்டது. முஸ்கோவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.

"இப்ப எங்க ஓடுறான்?"

"இடது பக்கம் மேலங்க."

"குமாஸ்தா வந்தாச்சா?"

"வர்றார், வர்றார்... போயிட்டான், கீழ போயிட்டான்!"

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எழுந்து நிற்க வேண்டும் என்று முஸ்கோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.